வெளி ஃபோல்டர்

பாலக்கரையில் மஜீதா வீட்டு மாடிப்படியில் கால் வைத்ததும் இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது இர்பானாவுக்கு. போன மாதம் இதே படியில் கேமரா பையோடு ஏறியபோது எவ்வளவு மிடுக்கு! கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும், அதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்கிற மிடுக்கு.

மஜீதாவின் மகள் சம்ரீனின் கல்யாணம் அது. ஆண்கள் பக்கத்தை இர்பானாவின் அண்ணன் எடுத்தான், பெண்கள் பக்கத்தை இவள். கதவைச் சாத்தியதும் மஜீதா முக்காட்டை உதறிவிட்டு, கூந்தல் அவிழ்ந்ததுகூடத் தெரியாமல், நாத்தனார்களோடு கைகொட்டிப் பாடினார். கணவர் போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததே இல்லையாம்.

"நல்லா எடும்மா. பொம்பளப்புள்ள நீ எடுக்குறதுல எனக்கென்ன கூச்சம்?"

இத்தனை வருடத்தில் எடுத்ததிலேயே அந்த வீடியோதான் உயிரோடு இருக்கிறது என்று இர்பானா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பிறகு ஷார்ஜாவிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் ஆசாத் பேசினார். லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வர முடியாதவர். "வாட்ஸ்அப்ல போட்டா மூஞ்சியெல்லாம் மங்கிப்போவுது. ஆம்பளங்க பக்கத்து நிக்காஹ் படத்த மட்டும் மெயில்ல அனுப்புங்கம்மா." அனுப்பினாள். இருபத்தைந்து எம்பிக்கு மேல் ஏற்க முடியாது என்று திருப்பியடித்தது. ஸிப் செய்து பார்த்தாள், அப்போதும் இளைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்பியிருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வளைகாப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் அம்மணிக்குப் பொறுமையில்லை. கூகுள் டிரைவில் ஆண்களுக்கு ஒரு ஃபோல்டர், பெண்களுக்கு ஒரு ஃபோல்டர், இரண்டையும் வைத்திருந்த வெளி ஃபோல்டர் ஒன்று. அந்த வெளி ஃபோல்டரின் லிங்க்கை எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தட்டி அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். ஆசாத் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்.

சம்ரீன் போனில் அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே இர்பானா லிங்க்கை மூடினாள். மூடி என்ன பிரயோசனம்? அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், 'சம்பந்தியம்மா நல்லாப் பாடுவாங்க போலிருக்கே' என்று குரூப்பில் எழுதியிருந்தார்.

மஜீதா கதவைத் திறந்தார். தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை விரித்துப் போட்டிருந்தார்.

"வாம்மா, உக்காரு."

திட்டியிருந்தால் தேவலை. "மாமி, தப்பு என்மேலதான். மெயில்ல போவலன்னு அவசரத்துல..." சொல்லச் சொல்ல அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு மனுஷியின் மானம் போய் நிற்கிறது, இவள் எம்பிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"தெரியல மாமி. அது காட்டாது."

"நான் பாடுனதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மஜீதா ஜன்னல் பக்கம் பார்த்தார். "வெள்ளிக்கிழம மாப்பிள்ள வீட்டுல விருந்துக்குக் கூப்புட்டிருக்காங்க. நான் போவலன்னா எம்புள்ளயத்தான் கேப்பாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போறது, சொல்லு."

அழுதால் அவர்தான் தன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று இர்பானா அழுகையை விழுங்கினாள்.

"இரு, டீ போடுறேன்" என்று மஜீதா எழுந்தார். அடுப்படிப் பக்கம் போனவர் நின்று, கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்து, ஈரத்தலையை நெற்றிவரை மூடிக்கொண்டார். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. இர்பானா மட்டும்தான் இருந்தாள்.