பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றுவழி

அடுக்கடுக்காக நாற்காலிகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவரை மகள் வாசலிலேயே மறித்தாள்.

"போதும்ணே, போதும். அவ்வளவு பேர் வர மாட்டாங்க."

கூட்டம் வராது என்பது உண்மைதான். ஆனால் அவள் மறித்தது வாடகையை நினைத்து. அப்பா பாதி குடித்து வைத்த டீ டம்ளர்கூட இன்னும் கழுவப்படவில்லை. அதற்குள் நாற்காலிக்குக் கணக்குப் பார்க்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சாவு வீட்டு வாசலில் நின்று சிரிக்க முடியாதென்பதால் இருமிவைத்தாள்.

"எடுத்துட்டு வந்தத திருப்பி ஏத்தவா? சும்மா கிடக்கட்டும்மா," என்றார் நாற்காலிக்காரர்.

"அட்வான்ஸ் எவ்வளவுண்ணே?"

"உங்கப்பா வீட்டுல அட்வான்ஸ் கேட்டா எனக்கு சோறு இறங்குமா? பழைய பாக்கியவே வியாழக்கிழமை தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு. நானே மறந்துட்டேன், பாத்துக்க. உன் கல்யாணத்துக்கு எடுத்த நாற்காலி."

அந்தக் கல்யாணம் கோர்ட்டில் முடிந்து வருடங்களாகிவிட்டன. புருஷன் போனான், நகை போனது, அவன் வாங்கிக்கொடுத்த செல்போன்கூட உடைந்துபோனது. நாற்காலி பாக்கி மட்டும் அவளை விட்டுப் பிரியாமல் இருந்திருக்கிறது. அதையும் அப்பா பைசல் பண்ணிவிட்டார். அந்த நேரத்தில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவிடம் ஏது காசு என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

முன்னறையில் கட்டிலில் அப்பா கிடந்தார். லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் 'லிஃப்ட்காரர்'. "ஊர்ல பாதிப் பேர மேல ஏத்திவிட்டவன் நான். நாம மட்டும் இன்னும் கிரவுண்ட் ஃப்ளோர்," என்று சொல்லிச் சொல்லி, அந்த நகைச்சுவைக்கு அம்மாகூடச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மகள் இன்னும் அழவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய காரணம் அல்ல.

அவள் கல்யாணத்துக்காக இந்த வீட்டை அடமானம் வைத்து அப்பா ஒரு கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார். கையெழுத்துப் போட்ட அன்று, டை கட்டிய பையன் ஒருவன் அப்பாவுக்கு விளக்கினான்: "இதுல இன்சூரன்ஸும் சேத்தி சார். நீங்க போயிட்டா கடனும் போயிடும். வீட்டை யாரும் தொட முடியாது." அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்ப நானும் கடனும் ஜோடியா கிளம்பிடறோம்."

ஒரே ஒரு நிபந்தனை. தொடர்ந்து மூன்று தவணை தவறினால் இன்சூரன்ஸ் செல்லாது. அப்பாவின் நுரையீரலுக்கு ஆஸ்பத்திரிச் செலவு செய்ததில் இரண்டு தவறிவிட்டது. மூன்றாவதற்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். கண்ணாடிக் கடையில், அடுத்தவர் மூக்குக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்க்கும் வேலையில் இருந்த மகள், முதலாளியிடம் சம்பளத்தை முன்கூட்டி வாங்கி, கடைசி செயினையும் விற்று, மூன்று தவணைக்கும் சேர்த்துப் பணம் புரட்டினாள். வியாழக்கிழமை காலை அதை அப்பா கையில் கொடுத்தாள்.

தானே கட்டியிருக்கலாம். அப்பாதான் விடவில்லை. "அந்த கம்பெனி பில்டிங் லிஃப்ட் நான் மாட்டினதும்மா. ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வரேனே. எனக்கும் ஒரு வேலை குடு."

சாயங்காலம் அவள் வந்தபோது அப்பா முகத்தில், கல்யாண வீட்டில் பந்தி முடித்து வந்தவர் மாதிரி ஒரு நிறைவு.

"முடிஞ்சுதாப்பா?"

"ம்."

"உங்க லிஃப்ட் எப்படி இருக்கு?"

"லேசா குலுங்குது. ஆயில் விடணும்," என்றார்.

ரசீது கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கல்யாணத்துக்கு வீட்டையே எழுதிவைத்த மனுஷனிடம் ரசீது கேட்க நாக்கு வரவில்லை.

ஆகவே இன்று, சனிக்கிழமை காலை, அம்மாவின் அலறல் கேட்டு ஓடிவந்து, அப்பாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த அந்த நிமிஷத்திலேயே, அவளுக்குள் ஏதோ ஒரு மூலையில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வீடு தப்பித்தது. அம்மாவுக்கு இருக்க இடம் உண்டு. அந்த மூச்சை விட்டது தான்தான் என்று தெரிந்ததிலிருந்து அவளால் அழ முடியவில்லை. அழுதால் நடிப்பாகிவிடும் போலிருந்தது.

மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி ஷட்டர் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தை மகள் இவ்வளவு அருகில் பார்த்து நெடுநாளாகிறது. பஸ் ஸ்டாப்புக்கு நேர்வழி அவர் கடை முன்னால்தான். அதே வரிசையில் மளிகை, தையல்காரர், பால்காரர். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி. அதனால் இந்த வீட்டுக்காரர்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி, குப்பைத்தொட்டி சந்து வழியாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் பஸ் பிடிப்பார்கள். ஒருநாள் மகள் பாதி வழி வந்தபிறகு அம்மாவே எதிரில் வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "வாக்கிங்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு அந்தச் சந்துதான் பெரிய அவமானம். "பெரிய கடனுக்கு மூஞ்சி கிடையாது. ஃபோன் வரும், எடுக்காம விட்டா போச்சு. சின்னக் கடன்தான் எதிர்ல வந்து 'சௌக்கியமா'ன்னு கேக்குது. முதல்ல சின்னத முடிக்கணும். அப்புறம் தெம்பா பெரியவன் மேல கை வைக்கணும்," என்பார். மகள் வட்டிக்கணக்கு சொல்வாள். அவர் காதில் விழாத மாதிரி சாய்வார்.

"தங்கச்சி," என்றார் மருந்துக்கடைக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வியாழக்கிழமை வந்தாரு. பேச முடியல, அப்படி மூச்சு வாங்குது. உக்காருங்கன்னேன். உக்காரல. பூரா பாக்கியையும் எண்ணி வெச்சுட்டு, 'இனிமே உங்க கடைப் பக்கமா நடக்கலாமில்ல?'ன்னு கேக்கறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"வியாழக்கிழமையா?"

"காலையில. பதினோரு மணி இருக்கும்."

மகள் தலையாட்டினாள். பிறகு இன்னொரு முறையும் ஆட்டினாள்.

அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டுதான் இறங்கினாள். அழுகைக்கு நடுவில் ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறையைச் சரியாகக் கேட்டு வாங்கினாள். கட்டிலைக் கட்டிக்கொண்டு, "வாங்கிக்கிட்டேனே பாவி! வாங்கி உள்ள வெச்சுக்கிட்டேனே!" என்றாள்.

"என்னத்த அத்தை?" என்றாள் மகள்.

"ஆஸ்பத்திரிக்குன்னு நான் குடுத்த பணத்தடி. வீடு தேடி வந்து குடுத்தான். அப்புறமா தாடான்னேன். கேட்டானா? 'சின்னதெல்லாம் இன்னியோட முடிஞ்சுதுக்கா. அடுத்த மாசம் அந்தப் பெரியவனையும் முடிச்சுடுவேன்'னு சிரிச்சான். அடுத்த மாசமாம்டி! உடம்பு இருந்த இருப்புக்கு!"

கணக்குப் போடுவதற்குப் பென்சில் எதுவும் தேவைப்படவில்லை. நாற்காலி, மருந்து, அத்தை. மளிகைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தையல்காரர். அவர்கள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

உள்ளறையில் கதவுக்குப் பின்னால் அப்பாவின் வியாழக்கிழமைச் சட்டை தொங்கியது. ரசீது இருக்கும் என்று அவள் தேடவில்லை. இருந்தாலும் கை போனது. பையில் இரண்டு மிட்டாய் இருந்தது. மளிகைக்காரர் சில்லறைக்குப் பதில் கொடுக்கும் மிட்டாய்.

கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். ஒரு பாட்டு, பிறகு ஒரு பெண்குரல். அப்பா பெயரையும் கடன் எண்ணையும் சொன்னாள்.

"இந்த வாரம் பணம் வந்திருக்கா, பாருங்க."

"இல்லங்க மேடம். மூணு தவணை பெண்டிங்."

"அவர் இன்னிக்குக் காலையில இறந்துட்டாரு. இன்சூரன்ஸ்..."

தட்டச்சுச் சத்தம். "ரொம்ப சாரி மேடம். இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமையோட நின்னுடுச்சு. கூட கையெழுத்துப் போட்டிருக்கறது அவரோட மனைவி. இனிமே அவங்கதான் கட்டணும். நோட்டீஸ் அவங்க பேர்லதான் வரும்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "அவசரமில்ல மேடம். காரியமெல்லாம் முடிச்சுட்டு நேர்ல வாங்க. அஞ்சாவது மாடி. படியிலதான் வரணும், லிஃப்ட் ரெண்டு மாசமா ஓடல."

"என்னது?"

"லிஃப்ட், மேடம். ரிப்பேர்."

அந்தப் பக்கம் வேறேதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

லேசா குலுங்குது என்றாரே. ஆயில் விடணும் என்றாரே. அங்கே போய், தான் மாட்டிய லிஃப்ட் செத்துக் கிடப்பதைப் பார்த்து, ஐந்து மாடிப் படியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினாரா? அல்லது தெருமுனைவரை போய், அந்தச் சந்துக்குள் இன்னொரு முறை நுழைய முடியாமல் நேராக நடந்துவிட்டாரா? கேட்க வேண்டிய ஆள் முன்னறையில் இருந்தார். அவரைச் சுற்றி நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் போதும் போதும் என்று சொன்ன நாற்காலிகள்.

"வந்து உக்காருடி," என்று அம்மா கைநீட்டினாள். அழுது வீங்கிய முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம். "பாத்தியா உங்கப்பாவ? ஒருத்தர் பாக்கியில்லாம முடிச்சுட்டுப் போயிருக்காரு. எத்தனை பேரு வந்து சொல்றாங்க பாரு. நான்தான் அந்த மனுஷன வாய்க்கு வாய் கையாலாகாதவன்னு திட்டினேன்."

"ஆமாம்மா."

"கம்பெனிக் கடனும் அவரோடயே போச்சு, இல்ல? அந்த டை கட்டின பையன் சொன்னானே."

மகள் அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. எதிரில் மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல்காரர் அப்பாவைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மளிகைக்காரர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் திணறினார். கடனோடு போயிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டீ ஏதாவது குடிக்கிறியாம்மா?" என்றாள்.

பிற்பகலில் அப்பாவை எடுத்துப்போக வேன் வந்தது. அம்மாவையும் அத்தையையும் பின்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மகள் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெருமுனையில் டிரைவர் வண்டியை நிதானமாக்கினார்.

"எப்படிங்க, நேராவா? சந்து வழியா போனா கூட்டம் இருக்காது."

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நேராவே போங்க தம்பி. மெதுவா போங்க."

வேன் நேராகப் போனது. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். மருந்துக்கடையின் ஷட்டர் இன்னும் பாதியில் இருந்தது. தையல்காரர் மகன் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான். பின்னால் அம்மா ஒவ்வொரு கடையையும் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மகள் கையில் ஃபோன் அதிர்ந்தது. அந்தக் கம்பெனியின் எண். அதை மடியில் கவிழ்த்துவைத்து, மேலே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று பார்த்தாள். அதற்குள் வேன் அதைத் தாண்டிவிட்டது.