நாற்பதாவது பிஸ்கோத்து

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் இருந்த வெள்ளைக்கல் சுரங்கத்து மேனேஜர் துரையின் பங்களாவில், நாய்களுக்குப் பிஸ்கோத்து சுடுவது கண்ணாத்தாளின் வேலை. துரைசாணி மூன்று நாய்கள் வளர்த்தாள். கடையில் விற்கும் சீமைப் பிஸ்கோத்து அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தானே ஒரு பக்குவம் கண்டுபிடித்துக் கண்ணாத்தாளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கேழ்வரகு மாவும் கோதுமைத் தவிடும் சரிபாதி. விடிந்ததிலிருந்து கொதித்த ஆட்டெலும்புச் சாறு. கொத்திய ஈரல் ஒரு கைப்பிடி. உப்பு கூடாது. கெட்டியாகப் பிசைந்து, டம்ளர் விளிம்பால் வட்ட வட்டமாக வெட்டி, படுக்கவைத்த மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் அடுக்கி, மேலும் கீழும் கங்கு போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓட்டுச்சில்லைப் போல இறுகி வெளியே வரும்.

கண்ணாத்தாளின் புருஷன் மேட்டூர் அணை வேலைக்குப் போய், குளிர்காய்ச்சலோடு திரும்பி வந்து, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தவன். ஆறு வயது மகள் சௌந்திரத்தை வைத்துக்கொண்டு அவள் தனியாக இருந்தாள். தினமும் சுட்டு முடித்ததும் இரண்டு பிஸ்கோத்தை முந்தானையில் முடிந்துகொள்வாள். மத்தியானம் பின்வேலிக்கு வரும் மகளிடம் கள்ளிச் சந்து வழியாக நீட்டுவாள். அது நாய்த்தீனி என்று குழந்தைக்குத் தெரியாது. பங்களா முறுக்கு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தது.

ஒருநாள் முந்தானையை முடியும்போது தோட்டக்காரன் சென்றாயன் பார்த்துவிட்டான். ஐம்பத்தைந்து வயது ஆள், அதிகம் பேசமாட்டான். பார்த்தபடியே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து அவன் துரைசாணி முன்னால் நின்று ஏதாவது சொல்லும்போதெல்லாம் கண்ணாத்தாள் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், மாசியில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வெறிநாய் நான்கு பேரைக் கடித்தது. மூன்று பேர் குன்னூருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். போகாமல் இருந்த ஒருவன் பங்குனியில் தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்தான். துரைசாணி பயந்துபோனாள். தெருநாய்களை ஒழிக்கச் சொல்லிச் சுரங்கத்துக் கம்பவுண்டர் சண்முகவேலை வரவழைத்தாள். அவன் முதலில் கறித்துண்டில் விஷம் வைத்துப் பார்த்தான். இரண்டு நாய்கள் செத்ததும் மற்றவை கறியை மோந்துவிட்டு விலகிவிட்டன. ஆனால் பிஸ்கோத்து வேகும் வாசனைக்கு மட்டும் அவை பின்வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"நாளைக்கு நாப்பது பிஸ்கோத்து தனியா வேணும், கண்ணாத்தா" என்றாள் துரைசாணி. "கம்பவுண்டர் மருந்து வைப்பார். யாருக்கும் சொல்லாதே. தெரிஞ்சா எல்லாரும் நாயை ஒளிச்சு வெச்சிடுவாங்க."

கண்ணாத்தாள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் பாதி வெந்ததும் தகரத்தை வெளியே இழுத்தாள். சண்முகவேல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆணியால் குழி தோண்டிச் சிட்டிகை வெள்ளைப் பொடியை வைத்தான். அவள் அதன்மேல் மாவைப் பூசி மூடினாள்.

"இது என்னதுங்க?"

"எட்டிக்கொட்டையோட சத்தும்மா. கால் மணி நேரந்தான். மொதல்ல கழுத்து வெறைக்கும், அப்புறம் தாடை கட்டிக்கும். சின்னச் சத்தம் கேட்டாக்கூட ஒடம்பத் தூக்கித் தூக்கிப் போடும். நெனப்பு மட்டும் கடைசி வரைக்கும் தப்பாது, பாவம்."

"மனுசருக்குங்க?"

"மனுசனுக்கும் அதேதான். கைய நல்லாக் கழுவு."

அவள் சாம்பலும் புளியும் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். ஈரல் வாசனைதான் வந்தது. மறுபடி கழுவினாள். காலையிலேயே மகளிடம், இன்னிக்கு வேலிப்பக்கம் வராதே சாமி என்று சொல்லிவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வெந்ததைப் பெரிய தட்டில் வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை அடுக்கிப் பின்தாழ்வாரத்தில் ஆறவைத்தாள். சண்முகவேல் சாப்பிடப் போனான். "எந்திரிச்சுப் போயிராதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவளும் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் உள்ளிருந்து துரைசாணி கூப்பிட்டாள். நாய்களைக் கட்டவேண்டும், ஒன்று அறுத்துக்கொண்டு ஓடுகிறது, சீக்கிரம் வா என்று. பங்களா நாய் வந்து தட்டில் வாய் வைத்துவிட்டால்? கண்ணாத்தாள் ஓடினாள். மூன்றையும் பிடித்துச் சங்கிலி மாட்டிவிட்டுத் திரும்ப வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது.

கடைசி வரிசையில் நான்குதான் இருந்தன.

அவள் எண்ணவே இல்லை. அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டுக்குக் கீழே பார்த்தாள். தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு வேலியின் கள்ளிச் சந்து கண்ணில் பட்டது. அதைத் தாண்டி ஆறு வயதுக் குழந்தை எத்தனையோ முறை உள்ளே வந்திருக்கிறது.

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தாள். சாவி துவாரத்துக்குள் போகமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பூட்டினாள். பிறகு வேலியைத் தாண்டி ஓடினாள். முந்தானை கள்ளியில் சிக்கிக் கிழிந்தது.

குடிசை இரண்டு பர்லாங்கு தூரம். பங்குனி வெயிலில் பாதை வெள்ளையாக எரிந்தது. ஓட ஓடக் கம்பவுண்டரின் குரல்தான் காதில் கேட்டது. நெனப்பு மட்டும் தப்பாது. குழந்தை அம்மா அம்மா என்று நினைத்துக்கொண்டே கிடக்குமா? தாடை கட்டிக்கொண்டால் கூப்பிடக்கூட முடியாதே?

கதவு திறந்து கிடந்தது. சௌந்திரம் வெறுந்தரையில், கையும் காலும் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

கண்ணாத்தாள் அவள்மேல் விழுந்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். விரலை விட்டுத் துழாவினாள். மூக்கை உள்ளே வைத்து மோந்தாள். குழந்தை திடுக்கிட்டு விழித்து வீல் என்று அலறியது.

"என்ன தின்னே? சொல்லு சாமி, என்ன தின்னே?"

"ஒண்ணுந் திங்கலை. நீதான வரவேண்டாம்னே. பசிக்குதும்மா. தூங்கிட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டு கண்ணாத்தாள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பானையிலிருந்த பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். விஷ மாவைத் தொட்ட கையால் பிழிந்ததை நினைத்ததும் அதையும் வெளியே கொட்டிவிட்டு, குழந்தையையே அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

எழுந்து வாசலுக்கு வந்தபோதுதான் அடுத்த பயம் வந்தது. எடுத்தது குழந்தை இல்லை. அப்படியென்றால் வேறு யாரோ. அந்த யாரோ இந்நேரம் அதை வாயில் வைத்திருக்கலாம்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. காக்காய் தூக்கிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? மனிதர் யாராவது எடுத்திருப்பார்கள் என்று அவள் வாயால் சொன்னால், நாய்ப் பிஸ்கோத்தை மனிதர் எடுப்பார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. வேலை போகும். திருடி என்ற பேரும் வரும். அந்த நினைப்போடேயே அவள் கால் பங்களாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

பாத்திரம் தேய்க்கும் சாலம்மாள் கிணற்றடியில் இருந்தாள்.

"ஏனுங்கக்கா, தாவாரத்துத் தட்டத்துல இருந்து பிஸ்கோத்து எடுத்தீங்களா?"

"நாய் திங்கறத நான் எதுக்குத் தொடறேன்? யாரப் பாத்து என்ன கேக்கறே?"

"நான் எடுப்பனுங்க!" கண்ணாத்தாளின் குரல் அவளுக்கே தெரியாமல் உயர்ந்தது. துரைசாணியின் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தாள். இருந்தும் குரல் அடங்கவில்லை. "தெனமும் ரெண்டு எடுப்பேன். எம்புள்ளைக்குக் குடுப்பேன். இன்னிக்குச் சுட்டதுல வெசம் வெச்சிருக்குதுங்கக்கா. ஒண்ணக் காணோம். யாரு இந்தப் பக்கம் வந்தாங்க, சொல்லுங்க!"

சாலம்மாள் கையிலிருந்த செம்பு உருண்டது. "சென்றாயன்" என்றாள். "இப்பத்தான் அருவாள எடுத்துக்கிட்டுப் போனான். மூக்கனேரிக் கரைக்கு, புல்லறுக்க."

"கம்பவுண்டரக் கூப்புடுங்க! ஓடுங்கக்கா!"

ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். அதற்குள் பிஸ்கோத்து ஊறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்துச் சிரட்டையை மூடினான். கண்ணாத்தாள் காலால் அதை எட்டி உதைத்தாள்.

சென்றாயன் கும்பிட்டான். "அம்மிணி, தொரைசாணிகிட்டச் சொல்லிப்போடாத. உங்காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"தின்னீங்களா?"

"இல்ல அம்மிணி..."

"அதுல வெசமுங்கண்ணா! நாயக் கொல்லறதுக்கு வெச்சது. தின்னீங்களா இல்லையா, நெசத்தச் சொல்லுங்க!"

அவன் கும்பிட்ட கையைக் கீழே விட்டான். "கடிக்க முடியல. பல்லு எங்க இருக்குது எனக்கு? ஓரத்த வாயில வெச்சு ஊறப்போட்டேன். கொஞ்சம் கரைஞ்சுது. முழுங்கினேன். அப்புறந்தான் தண்ணில போட்டேன்."

"எத்தன நேரமாச்சு?"

"தெரியலையே..."

தொண்டையில் விரல் விடச் சொன்னாள். அவன் குமட்டினான், கஞ்சியாக வந்தது. ஏரித் தண்ணீரைக் கை கையாக அள்ளிக் குடிக்க வைத்து மறுபடி கக்க வைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆகும் அம்மிணி?"

கழுத்து, தாடை, வில்லைப்போல வளையும் உடம்பு. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "வாயத் தொறந்து தொறந்து மூடுங்க" என்றாள். அவன் திறந்து மூடினான். பனைநிழல் அவன் முழங்காலிலிருந்து மெல்ல நகர்ந்தது.

"நீ முடிஞ்சத அன்னிக்குப் பாத்தேன்ல" என்றான் திடீரென்று. "அதுக்கு முன்னால எனக்குத் தோணலை. நாய்த்தீனிய மனுசன் திங்கலாம்னு உன்னப் பாத்துத்தான் தெரிஞ்சுது. ஊட்டுல ராத்திரிக்கு ஒண்ணுமிருக்காது. மருமவ போடறதில்ல."

கண்ணாத்தாள் கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கரைமேட்டில் ஜட்கா வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. சென்றாயனின் உடம்பு தரையிலிருந்து துள்ளியது. கையிரண்டும் வெட்டி இழுத்தன. கண்ணாத்தாள் வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவன் மறுபடியும் துள்ளினான்.

"தாட... இறுக்குது" என்றான்.

அவள் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இனி ஒரு சத்தமும் கூடாது. காற்றில் பனையோலை சலசலத்தது. ஒவ்வொரு சலசலப்புக்கும் அவன் தோள் உதறியது. கண்கள் மட்டும் தெளிவாக, அகலமாக அவளையே பார்த்தன. அவற்றில் இருந்த பயத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தாள். குனிந்தால் செத்துவிடுவானோ என்று மறுபடி நிமிர்ந்தாள்.

சண்முகவேல் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்தான். அவள் கையை உயர்த்தி மெதுவாக வரச் சொன்னாள். செம்பில் கரித்தூளைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தான். இறுகிய பல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். பாதி உள்ளே போயிற்று, பாதி நெஞ்சில் கறுப்பாக வழிந்தது. சென்றாயனின் கண்ணைத் துணியால் மூடி, நிழலில் படுக்கவைத்தார்கள்.

"பொழைப்பாரா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். உதறல் இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு இடைவெளி நீண்டது. மாடுகள் தண்ணீருக்கு இறங்கி மணிச்சத்தம் கேட்டபோது அவன் துள்ளவில்லை. தாடை தளர்ந்தது.

"தண்ணி" என்றான் சென்றாயன்.

கண்ணாத்தாள் அப்போதுதான் அழுதாள்.

கொட்டிய பிஸ்கோத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மிச்சம் முப்பத்தொன்பதையும் அன்று சாயங்காலமே வேலியோரத்திலும் பாதையிலும் சண்முகவேல் போட்டான். விடிந்தபோது செத்த நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாத்தாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேலியோரம் ஓசை இல்லாமல் இருந்ததே போதுமாக இருந்தது.

துரைசாணி திட்டவில்லை. இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, "இதையா சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை. மறுநாள் ஒரு புட்டி மீனெண்ணெய் அடுப்படிக்கு வந்தது. இனிமேல் மாவில் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டும் என்றாள். பங்களா நாய்கள் அதை இன்னும் ஆசையாகத் தின்றன. மனிதர் மூக்கருகே கொண்டுபோக முடியாது.

கண்ணாத்தாள் நான்கு நாள் அந்த மாவைப் பிசைந்தாள். ஐந்தாம் நாள் மகளை அழைத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே தூரத்து உறவான வசந்தாமணி ஒரு நெசவுக்காரர் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், இன்னொரு ஆள் வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். சென்றாயன் மூட்டையைச் சுமந்துகொண்டு செவ்வாய்ப்பேட்டை வரை வந்தான். அவன் வலதுகை இன்னும் சில சமயம் தானாக வெட்டி இழுத்தது.

"போய்ட்டு வாரனுங்கண்ணா" என்றாள்.

"சூதானமாப் போ, அம்மிணி."

ஆட்டையாம்பட்டியில் கூழோ சோறோ எது கிடைத்தாலும், கண்ணாத்தாள் முதல் கவளத்தைத் தான் வாயில் போட்டு விழுங்குவாள். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் தாடையை மெல்லத் திறந்து திறந்து மூடியபடி உட்கார்ந்திருப்பாள். சௌந்திரம் பசியில் சிணுங்கும். "ஏன் இப்படிக் காக்க வெக்கறே?" என்று வசந்தாமணி கேட்டால், சூடு ஆறட்டும் என்பாள். பழைய சோற்றுக்கும் அதையேதான் சொன்னாள்.