ரிப்பீட் ஆர்டருக்காக ஒரு ஜெபம்

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது ஒரு தடவை கத்திவிட்டுப் பாம்பின் வயிற்றுக்குள் போய்விடும். நான் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

என் பெயர் தனசிங். சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்பதைத் தைப்பவர்களிடம் சொல்லவேண்டும். தைப்பவர்கள் செய்த கோளாறை வெளிநாட்டுக்காரனிடம் பூசி மெழுகிச் சொல்லவேண்டும். வாய்தான் மூலதனம்.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய பிறகு எங்கள் கம்பெனி படுத்துவிட்டது. பாதி மிஷினுக்கு உறை போட்டாயிற்று. பீகார் பையன்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ரவுண்ட் நெக், அரைக்கை, பாசி நிறம். பட்டாளத்துக்காரர்கள் சட்டைக்குள் போடுகிற பனியன். அந்த நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது, இப்போதும் நடக்கிறது. நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே யார் பக்கம் நியாயம் என்று ஆரம்பித்துவிடுவீர்கள், என் கதை நடுத்தெருவில் நிற்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், சண்டை போடுகிற இரண்டு பக்கத்திலும் கழுத்தில் சிலுவை தொங்குகிறது.

எண்பதாயிரம் பீஸ் அனுப்பி முடித்ததும் மறுபடி கம்பெனி காலி. இனி ரிப்பீட் ஆர்டர், அதாவது சரக்கு வாங்குகிற அதே பையர் அதே பனியனை மறுபடி கேட்பது, வந்தால்தான் உண்டு.

எங்கள் சபை அனுப்பர்பாளையத்தில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில். எழுபது பேர் வருவோம். அதில் பாதிக்கு மேல் எங்கள் கம்பெனி ஆட்கள். சபைக்கு ஆள் சேர்த்தேனா, கம்பெனிக்கு ஆள் சேர்த்தேனா என்று எனக்கே தெரியாது. வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கும். காய்ச்சல், கல்யாணம், வாடகை வீடு, குடிகாரப் புருஷன் என்று துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். நான் எழுதினேன்: "எங்கள் பட்டாள பனியன் பையரிடமிருந்து ரிப்பீட் ஆர்டர் வர." பாஸ்டர் ஏசுவடியான் அதை வாசித்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தோம். பேட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற நல்லம்மாள், புருஷன் போய் இரண்டு பெண் பிள்ளைகளோடு போன கிறிஸ்துமஸுக்குத்தான் சபைக்கு வந்தவள், முழங்காலிலேயே நின்று அழுது ஜெபித்தாள்.

மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது, முதல் ஆர்டரைப் போல இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். கேட்டதற்கு மேலேயே கர்த்தர் தந்தார் என்றேன். கை தட்டினார்கள். எனக்கு மார்பு ஒரு சாண் விரிந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

திங்கட்கிழமை கட்டிங் மாஸ்டர் காஜா மொய்தீன் என் மேஜைக்கு ஒரு தாளோடு வந்தார். எந்த அளவில் எத்தனை பீஸ் என்று பையர் அனுப்புகிற பட்டியல் அது. சைஸ் ரேஷியோ என்போம்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. போன ஆர்டர்ல எல்லும் எக்ஸெல்லும்தான் ரொம்ப. இதுல எஸ் எத்தனை இருக்குது பாருங்க. அதைவிடச் சின்னது, எக்ஸெஸ், வேற புதுசா போட்டிருக்காங்க. பட்டாளத்துக்குன்னு தானுங்களே சொன்னீங்க?"

"ஆமா மாஸ்டர், பட்டாளத்துக்குத்தான்."

"இது பள்ளிக்கூடம் முடிச்ச பசங்க அளவுங்க. அப்போ அந்தப் பெரிய ஆளுங்கெல்லாம் எங்கீங்க போனாங்க?"

"ஸ்டாக் இருக்கும் மாஸ்டர். பையர் கணக்கு நமக்கு எதுக்கு? கட்டிங்கைப் போடுங்க."

"சரிங்க" என்று போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சைஸ் ரேஷியோ பார்த்தவனுக்கு அதை வாசிக்கத் தெரியாதா? ஒரு நாட்டு ஆட்கள் தடித்தார்களா இளைத்தார்களா என்றுகூட அதில் தெரியும். ஆனால் எந்த நாட்டு ஆம்பளையும் நாலு மாதத்தில் பத்து வயது குறைந்துவிடமாட்டான். தெரிந்தது. தெரியாத மாதிரி டீ குடிக்கப் போனேன்.

சரக்கு முடிகிற சமயத்தில் பையர் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் மார்த்தா. எங்கள் சபையிலேயே இரண்டு மார்த்தாள் உண்டு. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. கழுத்தில் ஒரு சின்ன மரச் சிலுவை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. நம்மாள் என்று நினைத்தேன். வாய் திறந்தது.

"மேடம், உங்கள் ஆர்டருக்காக எங்கள் சபையே உபவாசம் இருந்தது. ரிப்பீட் ஆர்டர் வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தோம். இரண்டு மடங்காகக் கிடைத்தது."

அவர் ஒரு எஸ் சைஸ் பனியனை மேஜையில் விரித்து மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப்பை விடாமல் கேட்டார்.

"எப்போது ஜெபித்தீர்கள்?"

ஜனவரி கடைசி வெள்ளி என்றேன், பெருமையாக.

"அந்த வாரம்தான் எங்கள் ஊரில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள்" என்றார். "நாங்களும் கோவிலில் ஜெபித்துக்கொண்டிருந்தோம். இனிமேல் இந்த பனியன் யாருக்கும் தேவைப்படக் கூடாது என்று."

அப்புறம் பனியனின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"உங்கள் ஜெபத்தைத்தான் கேட்டிருக்கிறார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். அவர் சைஸ் சரியாக இருக்கிறது, கழுத்துத் தையல் சரியாக இருக்கிறது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார். கையெழுத்துப் போடும்போது, தன் மகனுக்கு இந்த அளவுதான் என்றார். அவன் முகாமுக்குப் போய் ஆறு வாரம். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயந்திரம் முதலாளி சசிகுமார் கூப்பிட்டார். நல்ல மனுஷன். பெருந்துறைப் பக்கம் விவசாயக் குடும்பம்.

"தனசிங்கண்ணா, சரக்கு பாஸுங்க. மூணாவது ஆர்டரும் பேசிட்டிருக்காங்களாம், புதங்கிழமை முடிவு சொல்றாங்க. சண்டை இழுத்துட்டுப் போனா நமக்குத்தானுங்க. உங்க சர்ச்சுல மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. நானும் சிவன்மலைக்கு வேண்டியிருக்கேன். இருந்தாலும் உங்க சாமி சீக்கிரமாக் கேக்கறாருங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை என்ன செய்தாலும் தகும்.

சனிக்கிழமை காலையில் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டர் ஏசுவடியான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காக அணிவகுத்து வைத்திருப்பார். மார்த்தா சொன்னதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"பாஸ்டர், ஏறெடுத்த ஜெபத்தைத் திரும்ப வாங்க முடியுமா?"

அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீ பனியன்தான தைக்கிற, துப்பாக்கியா செய்யிற? அவங்க நாட்டை அவங்க காப்பாத்துறாங்க. ஓநாய் வந்தா மேய்ப்பன் கோலைக் கீழ போட்டுட்டு நிப்பானா? ஆடு போகட்டும்னு விட்டா அது அன்பா? அரசாங்கத்துக் கையில கத்தியக் குடுத்ததும் ஆண்டவர்தான்."

"ரெண்டு பக்கமும் ஆடுதான பாஸ்டர்? அந்தப் பக்கத்துப் பாதிரியும் இதே ஓநாயைச் சொல்லித்தான ஆசீர்வதிச்சு அனுப்புறாரு?"

"அதுக்காக? அடிக்கிறவனும் தடுக்கிறவனும் ஒண்ணாகிடுவானா?"

"ஆகமாட்டான். எனக்கும் தெரியுது. தச்சதுக்கு நான் வருத்தப்படல. வெறும் உடம்போட குளிர்ல நிக்கிறவனுக்கு யாராவது தைக்கத்தான் வேணும். ஆனா நான் அவன் உயிரோட வரணும்னு கேக்கலியே. அவன் போட்டது கிழியணும், அடுத்தவன் வந்து போடணும்னுதான கேட்டேன். சீட்டுல அப்படி எழுதல, அவ்வளவுதான்."

உள்ளே அவர் வீட்டம்மா வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது.

"நான் சுட்டிருக்கேன் தனசிங்" என்றார். "பிரசங்கத்துல சொன்னதில்ல. எதிர்ல இருந்தவனைப் பாத்துத்தான் சுட்டேன். நான் சுடலேன்னா என் கூட இருந்த மூணு பேர் செத்திருப்பாங்க. சரின்னுதான் நெனச்சேன், இப்பவும் முக்கால்வாசி சரின்னுதான் நெனக்கிறேன். ஆனா அதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்ல ஒருநாளும் எனக்கு வாய் வரல. கூட இருந்த பாதிரியார் சொல்லச் சொன்னாரு. வரல."

நான் சபையில் மைக்கைப் பிடித்துச் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் அவர் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் சொல்லி முடித்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தான்.

"திரும்ப வாங்க முடியுமான்னு எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "நாளைக்கு மாத்திக் கேக்கலாம். அதுதான் நம்மளால முடிஞ்சது. கேப்பியா?"

"கேக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நல்ல கூட்டம். மூன்றாவது ஆர்டர் விஷயம் எல்லாருக்கும் எட்டியிருந்தது. நான் எழுந்ததுமே முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்கள். மைக் வியர்வையில் வழுக்கியது.

"போன தடவை நான் ஒரு விண்ணப்பம் வச்சேன்" என்றேன். "அது தப்பு. அந்த பனியனைப் போடுறது நம்ம பிள்ளைங்க வயசுப் பையன்க. சண்டை நீண்டாத்தான் நமக்கு ஆர்டர். நாம சண்டை நீளணும்னு உபவாசம் இருந்திருக்கோம். இந்தத் தடவை மூணாவது ஆர்டர் வரக் கூடாதுன்னு ஜெபிக்கணும். சண்டை நிக்கணும், அந்தப் பையன்க வீட்டுக்குப் போகணும்."

முன் வரிசையில் சிரித்தவர்கள் பைபிளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல இந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சு?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

பாஸ்டர் கண்ணை மூடினார். அவர் குரல் வழக்கம்போல ஏறவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது மாதிரி ஜெபித்தார். அந்தச் சண்டை நிற்கட்டும் ஆண்டவரே என்றார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் அவரவர் அம்மாவிடம் சேர்த்துவிடும் என்றார். எங்களுக்கு அந்த வேலை வரவேண்டாம், எங்கள் வயிற்றுக்கு வேறு வழி காட்டும் என்றார். ஜெபம் முடிந்து, சபை ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். வாய்கள் இறுகி இருந்தன. உள்ளுக்குள் எனக்குக் கோபம் வந்தது. மனுஷர்களா இவர்கள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது. "ஆமென்." ஆர்டர் நின்றால் முதல் நாளே வரவேண்டாம் என்று சொல்லப்போவது அவளைத்தான், சொல்லப்போகிறவன் நான்தான், அது அவளுக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் அணைத்துக்கொண்டு இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னாள்.

பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஜெபத்தைக் கேட்டு வாங்கியவன் நான். நானும் ஆமென் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.