ஜெபக் குறிப்பு

அன்று கிரேன் ஓட்டுகிறவர் வீட்டுக்கு வந்தபோது சட்டையில் கிரீஸ் வாசம் இல்லை. திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இனிமே மேல ஏற வேண்டாமாம். ஸ்டோர்ல போட்டுட்டாங்க." அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். "சூப்பர்வைசர் தோள்ல கை போட்டுத்தான் சொன்னாரு. அவரு வீட்டம்மா எனக்காக பாரத்தோட ஜெபிக்கிறாங்களாம்."

அவள் ஊசியிலிருந்து நூலை உருவினாள். அந்த அம்மாவுக்கு யார் சொன்னதென்று அவர் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் சாயங்கால ஜெபத்தில் முழங்கால் போட்டுவிட்டால் அதே மனுஷர் மடை திறந்துவிடுவார். பாஸ்டர் மாதிரி ஜோடனைத் தமிழெல்லாம் அவருக்கு வராது. பக்கத்து ஸீட்டில் இருப்பவரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசுவார். "காலையில அவ மேல எரிஞ்சு விழுந்துட்டேன், தப்பு என்மேலதான்" என்பார். அவளிடம் நேரில் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவளும் காதில் விழாததுபோல எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைப்பாள். வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை என்று மற்ற பெண்கள் அலுத்துக்கொள்ளும்போது உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அவள் குடித்தனத்தின் நிறைவே அந்த முழங்கால் நேரத்தில்தான் இருந்தது.

போன வாரம் அவர் ஜெபித்தார்: "ஆண்டவரே, மேல உக்காந்தா கை நடுங்குது. கீழ நிக்கிறவங்க மேல எதையாவது போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. இவகிட்டகூட சொல்லல."

இரண்டு நாள் கழித்துப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருத்தியாக ஜெபக் குறிப்பு சொன்னார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு மகளின் பரீட்சை. இவள் முறை வந்ததும் அதைச் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் மனைவி எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கவலையில்தான் சொன்னேன் என்று இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தாள். முழுப் பொய் இல்லை. ஆனால், என் புருஷன் என்னிடம் எதையும் மறைப்பதில்லை என்ற பெருமையும் கூடவே இருந்தது. பாழாய்ப்போன பெருமை.

கைபேசி அடித்தது. சூப்பர்வைசர் மனைவி. "சிஸ்டர், கர்த்தர் நம்ம ஜெபத்தைக் கேட்டாரு பாத்தீங்களா! உங்க வீட்டுக்காரர் பத்திரமா கீழ வந்துட்டாரு."

"ஸ்தோத்திரம்" என்றாள். நாக்கு கூசியது. அவர் பத்திரமாகத்தான் இருக்கிறார், கீழே நிற்பவர்களும்தான். அதனால் அவளால் நன்றாக அழக்கூட முடியவில்லை.

சாயங்காலம் கட்டிலோரம் இருவரும் முழங்காலிட்டார்கள். முதலில் அவள் ஜெபித்தாள். அவருடைய வழியிலேயே போனாள்.

"ஆண்டவரே, அவரு உங்ககிட்ட சொன்னதை நான் ஊருக்குச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவரு முகத்தைப் பாக்கவே முடியல."

அவர் முறை வந்தது. அவள் காத்திருந்தாள். திட்டட்டும், ஆண்டவரிடம் கோள் சொல்லட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தெருவில் ஒரு வண்டி போய் மறைந்தது. சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. அவள் மூச்சை அடக்கி, காதை அவர் பக்கம் சாய்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.