சிக்னல் வரும்வரை

காலை எட்டேகால். தையற்கடைக்காரி மிஷினை நிறுத்திவிட்டு, ஆணியில் தொங்கிய சிவப்புத் துணியை எடுத்தாள். பழைய பாவாடைத் துணி, ஒரு கம்பில் கட்டியது. வெயிலில் வெளுத்துப்போய், அதைச் சிவப்பு என்று சொல்ல இப்போது கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அந்தத் துணியால் அவளுக்குக் கொடியக்கா என்று பேராகிவிட்டது. சொந்தப் பெயர் புருஷனுக்கு மட்டும்தான் ஞாபகம். அவனும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இரவுக் காவல் முடித்து வந்து, கடையின் பின்னறையில் படுத்திருந்தான்.

"போறியா?"

"இல்ல, ஆடப் போறேன்."

"முட்டிக்கு எண்ணெய் தடவுனியா?"

"தடவுனா மட்டும்?"

"உனக்கு அந்த இடத்துலயே சிலை வைப்பாங்க பாரு. அதையும் லாரிக்காரன் இடிச்சுட்டுப் போவான்."

அவள் சிரிக்கவில்லை. போன வாரமும் இதைச் சொல்லியிருந்தான்.

கடை வாசலிலேயே அகலச் சாலை. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் குடியிருப்புகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு சிறுமியின் காலில் வேன் ஏறியது. அன்று தெருவே திரண்டு வந்து சாலையில் உட்கார்ந்தது. அதிகாரி ஒருவர் வந்து, சிக்னல் வைத்துவிடலாம் என்றார். அது வரும்வரை நாமே நின்று பிள்ளைகளைத் தாண்டவைப்போம் என்று சொன்னவள் இவள்தான். கை தட்டினார்கள். முதல் மாதம் நான் நீ என்று ஆள் வந்தது. பிறகு ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தருக்கு வேலை நேரம் மாறிவிட்டது, ஒருத்தர் மச்சினி கல்யாணத்துக்குப் போனார். அந்த மச்சினியின் குழந்தை இப்போது நடக்கிறது. போனவர்தான் திரும்பவில்லை. மிச்சம் நிற்பது இவளும் தெருமுனைப் பட்டறை வெல்டரும்.

எதிர்ப்பக்கம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவள் பழக்கியது அது. கொடி ஏறாமல் காலை எடுக்கக் கூடாது. முன்னால் நிற்பவள் கேட்க வேண்டும், இவள் பதில் சொல்ல வேண்டும். முன்னால் நின்றவள் அன்று அடிபட்ட அந்தச் சிறுமி. வளர்ந்துவிட்டாள், இடது கால் இழுக்கும். அவள் நடக்கிற வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

"கொடியக்கா, வரலாமா?"

அவள் சாலையில் இறங்கித் துணியைத் தூக்கினாள். பஸ் ஒன்று முனகிக்கொண்டே நின்றது.

"வாங்க."

மதியம் அவளும் வெல்டரும் சிக்னல் கேட்டு நெடுஞ்சாலைத்துறை அலுவலகம் போனார்கள். எத்தனையாவது தடவை என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புதிதாக வந்திருந்த பொறியாளர் உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

"விபத்து அதிகமா நடக்கிற இடத்துக்குத்தாம்மா முதல்ல சிக்னல். உங்க இடத்துல மூணு வருஷமா ஒரு கீறல்கூட இல்லையே."

"நாங்க நிக்கிறதாலதான் சார் இல்ல," என்றார் வெல்டர்.

"நல்ல விஷயம்தானே? அப்படியே தொடர்ந்து நில்லுங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வெல்டர் சொன்னார்: "நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோம் அக்கா."

அன்று மாலை வெல்டரின் பட்டறையில் கூட்டம். மூன்று வருஷமாகக் கண்ணில் படாதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள்.

"நிக்கிறதை நிறுத்துவோம்," என்றார் வெல்டர். "நாளையிலேருந்து. பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும். சாலையில கூட்டம் சேரட்டும், வண்டி தேங்கட்டும். படம் எடுத்து அனுப்புவோம். அப்பத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

"சரியான யோசனை," என்றார் மச்சினிக்காரர்.

"நீங்க எப்ப நின்னீங்க, நிறுத்தறதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"எனக்கு ஏழு மணிக்கே ஷிப்ட்," என்றாள் கால் இழுக்கும் பெண்ணின் அம்மா. "என்னால கூட்டிட்டு வர முடியாது."

"ஒரு வாரம்தாம்மா. பக்கத்து வீட்டுல சொல்லு."

"பக்கத்து வீட்டுக்காரியும் என்கூடத்தான் வேலைக்கு வர்றா."

எல்லோரும் தையற்கடைக்காரியைப் பார்த்தார்கள். அவள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. நாளைக் காலையும் இப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

"சரி," என்றாள்.

நியாயத்துக்காகச் சொன்னாளா, முட்டிக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் எட்டேகாலுக்கு அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"போகலையா?"

"இல்ல."

ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உள்ளே போனான்.

வெளியே ஹாரன் சத்தம் மட்டும் நிற்கவேயில்லை. காலர் கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணல். எழுந்து வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள்.

கூட்டம் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள் நாலைந்து பேர் வண்டிகளுக்கு நடுவே ஓடித் தாண்டியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிர்ப்பக்கம் பிள்ளைகள் எப்போதும்போல வரிசையாக நின்றார்கள். ஒன்றுகூடக் கலையவில்லை. அவள் பழக்கிய பழக்கம்.

வெல்டர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கடையோர நடைபாதையில் நின்றார். இரவு தூங்காத முகம்.

"வந்துடாதீங்க அக்கா," என்றார் தணிந்த குரலில். "நீங்க இறங்கிட்டா திரும்பவும் முதல்லேருந்து."

"தெரியும்."

"இன்னும் ஒரு மூணு வருஷம் நிப்பீங்களா?"

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். லாரி ஒன்று போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் போன பிறகு பிள்ளைகள் அதே இடத்தில் நின்றார்கள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. வரிசை லேசாக அசைந்தது. முன்னால் நின்ற பெண் பள்ளி வாசலைப் பார்த்தாள், பிறகு இவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இழுக்கும் காலை நடைபாதையின் விளிம்புக்குக் கொண்டுவந்தாள். வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

"அக்கா, இன்னிக்கு நாங்களே வந்துடவா?"