கம்பத்தில் பட்ட பந்து யாருடையது

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசையே இல்லை. எங்கள் ஊர் யாரம்பீல் பெண்கள் ஃபுட்டி கிளப்பின் (ஃபுட்டி என்றால் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து) வாரத் தாளில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. செயலாளர் டெனிஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த சீசன்ல அதிக கோல் அடிச்சவங்களப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடேன். கேன்டீன்ல சும்மாதானே நிக்கிற?"

ஒரு கையில் இறைச்சி அடைத்த மீட் பை, மறு கையில் சாஸ் புட்டி, எதிரே நீண்ட வரிசை. டெனிஸின் அகராதியில் இதற்குப் பெயர் சும்மா நிற்பது.

2.

தொடக்கம் ஒன்று: "கோதுமை வயல்களுக்கு அப்பால் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தபோது, கெர்ரின் தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கி—" (வேண்டாம். அன்று நல்ல மழை.)

தொடக்கம் இரண்டு: "கெர்ரினைப் போலப் பந்தைப் பிறருக்கு வாரி வழங்கியவர்—" (இதை அச்சிட்டால் எதிரணிகூட விழுந்து விழுந்து சிரிக்கும்.)

தொடக்கம் மூன்று. இதுவே நிற்கட்டும்: கெர்ரினுக்கும் ஜார்ஜாவுக்கும் ஆகாது.

கெர்ரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். முப்பத்தெட்டு வயது. எதிரணியின் கோல் வாசலிலேயே குடியிருப்பவள். லீக்கில் அதிக கோல் அடித்தவளுக்கான கோப்பை சில வருடங்களாக அவள் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. ஜார்ஜாவுக்கு இருபது வயது, டயர் கடையில் வேலை, ஓட்டத்தில் புலி. இருவரும் ஒரே அணி. ஒருத்தி கைக்கு வரும் பந்தை இன்னொருத்தி பிடுங்குவாள். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு முப்பத்தொரு கோல்.*

(* கெர்ரின் முப்பத்திரண்டு என்கிறாள். மே மாதம் காற்று தள்ளிக்கொண்டு போன ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறாள். நடுவர் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.)

3.

இனி ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால்; ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஊத இன்னும் சில நொடிகள்தான். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களில் எல்லாருடைய கையும் ஹாரன் மேல். கோல் விழுந்தால் ஊரே ஹாரன் அடிக்கும்.

அப்போது ஓரமாக எகிறிப் பந்தைப் பிடித்தாள் கெர்ரின். கோணம் கொஞ்சம் மோசம். ஆனால் அவள் அடிக்கக்கூடியதுதான். நடுவில், கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே, யாருமில்லாமல் ஜார்ஜா கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

முடிவு ஒன்று: கெர்ரினே உதைக்கிறாள். கோல்! ஆறு புள்ளி, வெற்றி, கோப்பை. இதைக் கேன்டீனில் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்கலையேடி."

முடிவு இரண்டு: "தன் பெயரைவிட அணியே பெரிது என்று அவள் உள்ளம் சொல்ல—"

"யாரு உள்ளம்? என்னோடதா? நிறுத்துடி, கொமட்டுது."

"பின்ன எதுக்குக் குடுத்த? பதினஞ்சு வருஷத்துல ஒரு பந்தாவது யாருக்காவது குடுத்திருக்கியா?"

"அவ நின்ன எடத்துல என் பஸ்ஸக் கொண்டுபோய் நிறுத்தினா அதுவே கோல் அடிக்கும். அதான் குடுத்தேன்."

ஆம், கொடுத்தாள். முஷ்டியால் குத்தி (இந்த ஆட்டத்தில் பந்தை எறியக் கூடாது), நேராக ஜார்ஜா கைக்கு. ஜார்ஜா உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஒரே ஒரு புள்ளிதான். சைரன் ஊதியது. ஒரு புள்ளியில் தோற்றோம். ஒரு காரும் ஹாரன் அடிக்கவில்லை.

4.

இந்த இடத்தில் கொஞ்சம் கிண்டலைக் குறைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊருக்குக் கேலி செய்யத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது. பேக்கரிக்குள் ஜார்ஜா நுழைந்தால் யாராவது மேசைக் காலை "டங்" என்று தட்டுகிறார்கள். டயர் கடை வாசலில் போகிறவர்கள்கூட விளக்குக் கம்பத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் அவளுடைய ஜெர்சி, துவைத்து மடித்து, கேன்டீன் கதவோரம் கிடந்தது. அடுத்த வருடம் ஆட வரமாட்டாளாம். சனிக்கிழமை விருது விழாவுக்கும் வரமாட்டாளாம். கோப்பை இருவருக்கும் பொது என்று லீக் அறிவித்தும்கூட. எனக்கு அந்த ஜெர்சியைப் பார்க்கவே முடியவில்லை.

5.

கெர்ரின் அதை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள். நன்றாகவே மடித்தாள்.

"எழுதறதுதான் எழுதற, நான் உதைச்சேன்னு எழுது. கம்பத்துல பட்டது என் பந்துன்னு போடு."

"ஊரே பாத்துச்சுடி."

"பாக்கட்டுமே."

"ஜார்ஜாவுக்கே தெரியுமே, பொய்னு."

"அதுக்குத்தான்டி சொல்றேன். சீசன் பூரா எங்கிட்ட இருந்து பந்தப் பிடுங்கினவ. அவளோடத நான் எடுத்துக்கிட்டேன்னா விடுவாளா? 'ஏய் கிழவி, அது என்னோடது'ன்னு சண்டைக்கு வருவா. வரட்டும். வந்தா போதும்."

"வரலைன்னா?"

சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தாள்.

"அவ இல்லாம நான் யாரத் திட்டிக்கிட்டு ஆடறது, சொல்லு."

(இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதினால் தொலைத்துவிடுவேன் என்றாள். எழுதிவிட்டேன்.)

6.

இதுவரை கதையை என் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று பாவனை காட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தில் என் கை நின்றுவிட்டது. கெர்ரின் பெயரைப் போட்டால், ஜார்ஜா கொதித்து வரலாம். அல்லது, தன் தவறைக்கூடப் பங்கு போட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பெண் இன்னும் நொந்துபோகலாம். ஜார்ஜா பெயரைப் போட்டால் அது உண்மை. அந்த உண்மையைத் தாங்க முடியாமல்தான் அவள் ஜெர்சியை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

டெனிஸ் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்:

"சைரனுக்கு முந்தைய நொடியில் பந்தைக் கம்பத்தில் அடித்தவள் ____________."

வாரத் தாள் நாளை காலை அச்சுக்குப் போகிறது. நீங்கள் எழுதும் பெயரைத்தான் ஜார்ஜா படிப்பாள்.