கேட்டு வரை போன ஃபோர்க்லிஃப்ட்

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து கிளம்பியது. எண்ணூர் நெடுஞ்சாலை, ஷேர் ஆட்டோ, மண்டையைப் பிளக்கும் வெயில். கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றதில் ஆட்டோ நகரவே இல்லை. பக்கத்தில் ஒரு பெண், மடியில் மஞ்சள் ஹெல்மெட். உதடு காய்ந்து கிடந்தது. என் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாங்க்கா. குட்சா போவணும். ட்யூட்டில எங்க போறது?"

தேரடியில் நான் இறங்கிவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. செங்கொடி என்பது நான் வைத்தது. அந்தப் பேச்சு மட்டும் அவளுடையது, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: வியாசர்பாடி வீரமங்கை செங்கொடி, ஆண்களின் கோட்டைக்குள் புகுந்து...

(வேண்டாம். மகளிர் தினத்துக்கு கேக் வெட்டும் ஆபீஸ்காரர்கள் எழுதுகிற நடை.)

இன்னொன்று: செங்கொடி, திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி. ஓட்டுபவர்களில் அவள் ஒருத்திதான் பெண். பெண்களுக்கான கழிவறை மெயின் கேட்டுப் பக்கம், ஆபீஸை ஒட்டி இருக்கிறது. கிடங்கோ அந்தக் கோடியில். ஆண்களுக்கு இந்தக் கவலை இல்லை, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. சேர்ந்த வாரமே, கிடங்கைப் பெருக்கும் அஜீசாக்கா அவளைப் பழக்கிவிட்டாள். காலையில் பாதி டம்ளர் டீ, பிறகு ஷிஃப்ட் முடியும்வரை வாயை நனைப்பதோடு சரி. அங்கே பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அதை யாரும் ஒரு கஷ்டமாகச் சொல்வதுகூட இல்லை.

3

(சூப்பர்வைசர் பாஸ்கரை என்ன செய்வது? வில்லனாக்கினால் என் வேலை சுலபம். ஆனால் மகளின் பள்ளியில் கழிவறை சரியில்லை என்று போய்ச் சண்டை போட்டவரும் அவர்தான். அதையும் எழுதித் தொலைக்கிறேன்.)

செங்கொடிக்கு நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், குடித்தாள். அடிக்கடி வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு நடந்தாள். அவள் நடந்து போய் வருவதற்குள் லோடு நின்றுபோகிறது என்று பாஸ்கர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பெண்களை வண்டியில் ஏற்றினால் இதுதான் கதி என்றார். அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடும்.

மறுநாள் செங்கொடி நடக்கவில்லை. ஃபோர்க்லிஃப்டிலேயே போனாள். டிரெய்லர்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போய், கழிவறை வாசலில் நிறுத்தி, சரக்கைத் தூக்கும் முன்கம்பிகள் இரண்டையும் விதிப்படி தரையில் இறக்கிவிட்டு உள்ளே போனாள். ஆபீஸ் மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"வண்டிய இன்னாத்துக்கும்மா இங்க கொண்ணாந்த?" என்றார் பாஸ்கர்.

"நடந்தா லேட்டாவுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு லோடுக்குப் போனாள்.

4

கிடங்கை விட்டு வண்டியை எடுத்ததற்கு விசாரணை வைத்துவிட்டார்கள். முடிவு எழுதிப் பார்த்தேன்.

வேலை போகிறது. (நடக்கக்கூடியது. அதனாலேயே கை வரவில்லை.)

கிடங்கிலேயே கழிவறை கட்டி, பாஸ்கர் ரிப்பன் வெட்டி... (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

அஜீசாக்கா தலைமையில் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்துகிறார்கள். ("எம் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?" என்று அஜீசாக்கா என்னைக் கேட்பாள்.)

என்னால் முடிந்தது இவ்வளவுதான். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் செங்கொடி உட்கார்ந்திருக்கிறாள். அஜீசாக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை அவளிடம் நீட்டுகிறாள். ட்யூட்டியில் அக்கா யாருக்கும் தண்ணீர் கொடுத்ததே இல்லை. செங்கொடி சொட்டு விடாமல் குடிக்கிறாள். உள்ளே கூப்பிடுகிறார்கள்.

விசாரணை நடுவில் அவள் எழுந்து, "சார், போய்ட்டு வந்துர்றேன்" என்று கேட்கத்தான் போகிறாள். எதிரே, விசாரிக்கிறவர் நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். பதில் சொல்லுங்கள்.